பிளாக் எழுதி இ.எம்.ஐ. கட்ட முடியுமா? திரட்டி, விளம்பரம், வரி: முழுக் கணக்கு



போன வாரம் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கைக்கு வரும் சம்பளம் மாசம் 24,000 ரூபாய். அவர் கேட்டது இதுதான்:

"அண்ணா, பிளாக் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். 60,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் இ.எம்.ஐ.ல பார்த்து வெச்சிருக்கேன். பிளாக்கிங் கோர்ஸ் ஒண்ணு 15,000. டைரக்டரியில பிளாக்கைச் சேர்த்து, விளம்பரமும் போட்டுட்டா ஆறு மாசத்துல அந்த இ.எம்.ஐ.யை பிளாக்கே கட்டிடும்னு கோர்ஸ்காரங்க சொல்றாங்க. நம்பலாமுங்களா?"

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். பிளாக் ஆரம்பிங்க, தப்பே இல்லை. ஆனா அந்த இ.எம்.ஐ.யையும் கோர்ஸையும் பிளாக்கை நம்பி எடுக்காதீங்க. ஏன் என்று கணக்கோடு பார்க்கலாம் வாங்க. இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் இல்லை. சேலம் ஐ.டி. கம்பெனியில் இருக்கறவங்க, நாமக்கல் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கறவங்க, ராசிபுரம் தனியார் பள்ளி ஆசிரியர் என்று பலரும் கேட்கிற கேள்விதான். சம்பளத்துக்கு மேல மாசம் ஒரு 5,000 வந்தா நல்லா இருக்குமே என்று யாருக்குத்தான் தோணாது?

ரெண்டும் ஒண்ணு இல்லை

முதல் குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். பிளாக் டைரக்டரி, அதாவது நம்ம ஆளுங்க "திரட்டி" என்று சொல்வது, உங்க பிளாக்குக்கு ஆள் அனுப்பும் இடம். அது காசு தராது. விளம்பர நெட்வொர்க் என்பது, வந்த ஆளுக்கு விளம்பரத்தைக் காட்டி அதில் ஒரு பங்கை உங்களுக்குத் தரும் இடம். அது ஆள் அனுப்பாது.

"ரெண்டுலயும் சேர்ந்துட்டா ஒண்ணு ஆள் அனுப்பும், இன்னொண்ணு காசு தரும், முடிஞ்சது வேலை" என்று தோணும். கோர்ஸ் விக்கறவங்க சொல்றதும் இதுதான். ஆனா திரட்டி அனுப்புகிற ஆளும், விளம்பரக்காரர் தேடுகிற ஆளும் பெரும்பாலும் வேற வேற. இது புரிஞ்சாலே பாதிப் பணம் மிச்சம்.

தமிழ்மணம் காலத்துல என்ன நடந்தது?

உங்கள்ல நிறைய பேருக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்காது. 2004-ல் காசி ஆறுமுகம் என்பவர் "தமிழ்மணம்" என்ற திரட்டியை ஆரம்பித்தார். உங்க பிளாக்கை அதில் ஒரு முறை பதிவு செய்துவிட்டால் போதும். நீங்க புதுசா எழுதியதை உங்க பிளாக்கின் செய்தியோடை மூலம் எடுத்து, தலைப்பையும் முதல் சில வரிகளையும் முகப்பில் காட்டும். உலகத்தில் எந்த மூலையில் இருந்து யார் தமிழில் எழுதினாலும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். ஃபேஸ்புக் நம்ம கைக்கு வராத காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிச்சுப் பாருங்க. பிறகு தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் (பின்னாளில் இன்ட்லி என்று பேர் மாத்தினாங்க) என்று வரிசையாக வந்தன.

தமிழ்மணத்தில் வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக அறிவிப்பார்கள். இடுகைக்கு ஓட்டு போடும் பட்டையும் உண்டு. நிறைய ஓட்டு வாங்கினால் முகப்பில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். அங்கிருந்து எழுத வந்து, பின்னாடி புத்தகம் போட்டவங்க, சினிமாவுக்குப் போனவங்க, பத்திரிகையில் எழுதினவங்க நிறைய. திரட்டி இல்லாவிட்டால் அவங்களை யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த மரியாதையை நாம குறைக்க வேண்டாம்.

ஆனா பணக் கண்ணோட்டத்தில் பார்த்தால் ரெண்டு குறை இருந்தது.

ஒண்ணு, ஆயுள். புதுசு மேலே வர வர, பழசு கீழே இறங்கிப் போகும். காலையில் போட்ட இடுகை சாயங்காலம் முகப்பில் இருக்காது. அன்னிக்கு 500 பேர் வருவாங்க, மறுநாள் 40 பேர், அடுத்த நாள் 6 பேர். மறுபடியும் கூட்டம் வேணும்னா மறுபடியும் எழுதணும்.

ரெண்டு, வந்தது யார் என்பது. பெரும்பாலும் அவங்களும் பதிவர்கள்தான். நீ எனக்கு ஓட்டு போடு, நான் உனக்குப் போடறேன். நீ வந்து கருத்து சொல்லு, நானும் வந்து சொல்றேன். நம்ம ஊர் கல்யாண மொய் மாதிரிதான். மொய் நோட்டில் எழுதின தொகை வருமானம் இல்லை, திருப்பி வைக்க வேண்டிய கடன். அதே மாதிரிதான் இந்தப் பார்வைகளும். அன்பு உண்டு, நட்பு உண்டு. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனியோ வங்கியோ தேடுகிற வாடிக்கையாளர் அந்தக் கூட்டத்தில் குறைவு.

இன்னொரு பாடமும் இருக்கு. அந்தத் திரட்டி இப்போது இயக்கத்தில் இல்லை. அதை மட்டுமே நம்பி இருந்த பிளாக்குகளுக்கு வழி அடைஞ்சு போச்சு. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோதும் இப்படித்தான் ஆச்சு. அடுத்தவர் வாசலில் கடை போட்டால், அவர் கேட்டைச் சாத்தும் நாளில் நம்ம கடையும் மூடித்தான் ஆகணும்.

விளம்பர நெட்வொர்க் எப்படி வேலை செய்யுது?

கூகுள் ஆட்சென்ஸ் 2003-ல் வந்தது. ஆனா தமிழ் பிளாக்குகளுக்கு அது முறைப்படி கிடைச்சது 2018 பிப்ரவரியில்தான். இந்தி 2014-லேயே சேர்க்கப்பட்டது, வங்காளம் 2017-ல், அதற்கு அப்புறம்தான் தமிழ். அதாவது தமிழ் பதிவுலகம் உச்சத்தில் இருந்த காலத்தில் தமிழ்ப் பக்கத்துக்கு முறையான விளம்பரமே இல்லை. கூட்டம் இருந்தபோது காசு இல்லை. காசு வந்தபோது கூட்டம் ஃபேஸ்புக், யூடியூப் பக்கம் போயிடுச்சு.

வேலை செய்யும் விதம் எளிமைதான். ஒருத்தர் உங்க பக்கத்தைத் திறக்கும்போது, அந்த விளம்பர இடத்துக்கு அந்த நொடியில் ஒரு ஏலம் நடக்கும். பக்கம் எதைப் பற்றியது, படிக்கறவர் எந்த ஊர், எதில் ஆர்வம் உள்ளவர் என்பதை வைத்து விளம்பரக்காரர்கள் கேட்கிறார்கள். அதிகம் கேட்டவர் விளம்பரம் தெரியும். கூகுள் மூலமாகவே வாங்கும் விளம்பரத்தில், விளம்பரக்காரர் கொடுக்கும் 100 ரூபாயில் சுமார் 68 ரூபாய் உங்களுக்கு வரும் என்பது கூகுளே சொல்லும் கணக்கு.

இங்கேதான் விஷயம் இருக்கு. வாகன இன்சூரன்ஸ், கடன், மென்பொருள் மாதிரி விஷயங்களுக்கு ஏலத்தில் விலை ஏறும். கவிதைக்கும் சினிமா விமர்சனத்துக்கும் ஏறாது. இதில் தரம் உயர்வு தாழ்வு பற்றிய பேச்சே இல்லை. படிக்கறவர் எதையாவது வாங்கும் மனநிலையில் வந்திருக்காரா என்பதுதான் கேள்வி. தேடுபொறியில் "பழைய லாரிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு" என்று தட்டி வருபவருக்கும், திரட்டியில் தலைப்பைப் பார்த்து சும்மா எட்டிப் பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சேரும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஆட்சென்ஸில் சேர கட்டணம் கிடையாது. வயசு 18 ஆகியிருக்கணும். சொந்தமாக எழுதின பக்கங்கள் இருக்கணும். பரிசீலனைக்குச் சில நாள் ஆகலாம், சில சமயம் ரெண்டு முதல் நாலு வாரம் வரை போகும்.

2. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்க வீட்டு முகவரிக்குச் சாதாரணத் தபாலில் ஒரு பின் எண் வரும். தபால்காரருக்குப் புரியும்படி கதவு எண், தெரு, அஞ்சலகம், பின்கோடு எல்லாம் சரியாக எழுதுங்க. நாலு மாசத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

3. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். 99 டாலர் இருந்தாலும் அடுத்த மாசம்தான். பொதுவாக மாசம் 21-ம் தேதியிலிருந்து 26-ம் தேதிக்குள் அனுப்புவாங்க.

4. உங்ககிட்ட யூடியூப் சேனலும் இருந்தா, அந்த வருமானமும் பிளாக் வருமானமும் ஒண்ணா சேராது. 2022-லிருந்து ரெண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. ரெண்டிலும் தனித்தனியாக 100 டாலர் வரணும்.

இப்ப கணக்கு போடலாம்

ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு கிடைக்குது என்பதைத்தான் ஆர்.பி.எம். என்று சொல்றாங்க. இது பிளாக்குக்கு பிளாக், மாசத்துக்கு மாசம் மாறும். கணக்குக்காக 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றும் வைப்போம். உங்க எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்க, முறை ஒண்ணுதான்.

தம்பி கஷ்டப்பட்டு எழுதி தினம் 300 பக்கப் பார்வை கொண்டு வந்துட்டார் என்று வைப்போம். புது பிளாக்குக்கு இது நல்ல எண்.

மாசத்துக்கு 9,000 பார்வை.
9,000 பார்வைக்கு 450 ரூபாய்.
100 டாலர் என்றால் 8,500 ரூபாய்.
8,500-ஐ 450-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 மாசம்.

லேப்டாப் இ.எம்.ஐ.க்கு வருவோம். 60,000 ரூபாய், 18 மாசம், 15 சதவீத வட்டி என்றால் மாசம் சுமார் 3,740 ரூபாய். அதாவது இ.எம்.ஐ. முழுசும் சம்பளத்திலிருந்து கட்டி முடிச்சு, அதுக்கும் அப்புறம்தான் பிளாக்கின் முதல் 8,500 ரூபாய் வங்கிக்கு வரும்!

ஆறு மாசத்துல இ.எம்.ஐ.யை பிளாக் கட்டணும்னா என்ன வேணும்? மாசம் 3,740 ரூபாய்க்கு சுமார் 75,000 பார்வை. தினம் 2,500. முடியாதது இல்லை, செய்யறவங்க இருக்காங்க. ஆனா ஆறாவது மாசத்தில் நிச்சயம் வரும் என்று யாராவது சொன்னால், அவர் வருமானம் பிளாக்கிலிருந்து வரலை, கோர்ஸிலிருந்து வருது என்று புரிஞ்சுக்கங்க.

அதே 3,740 ரூபாயை 18 மாசம் ஆர்.டி.யில் போட்டால் அசல் மட்டும் 67,320 ரூபாய். வட்டி தனி. 24,000 சம்பளக்காரருக்கு அது கிட்டத்தட்ட மூணு மாச அவசர நிதி. வேலை போனாலோ, அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ கை கொடுப்பது அதுதான்.

அப்ப எதைத்தான் எழுதறது?

நம்ம பகுதிக்குன்னு ஒரு பலம் இருக்கு. அதைப் பலரும் கவனிக்கறதில்லை. நாமக்கல்லில் கோழிப் பண்ணை, லாரி, பாடி பில்டிங். திருச்செங்கோட்டில் ரிக். பள்ளிபாளையத்தில் விசைத்தறி. சேலத்தில் ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, ஸ்டீல். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. இந்தத் தொழில்களில் தினமும் ஆயிரக்கணக்கான பேருக்கு ஏதாவது ஒரு சந்தேகம் வருது. தமிழில் தேடினால் உருப்படியான பதில் கிடைக்கறதில்லை.

உதாரணத்துக்கு, நாமக்கல் முட்டை விலையை என்.இ.சி.சி. தினமும் அறிவிக்குது. அதை மட்டும் எடுத்துப் போடும் பக்கங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கு. நீங்களும் போட்டால் கூட்டத்தில் ஒண்ணு. விலையைப் பார்த்ததும் அவர் போயிடுவார். அந்த மாதிரி ஒரு வரி பதிலைத் தேடுபொறியே இப்போ மேலே காட்டிவிடுது. யாரும் உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆனா "5,000 கோழிப் பண்ணைக்கு வங்கிக் கடன் கேட்டால் என்னென்ன பேப்பர் கேட்பாங்க?" என்று அனுபவத்தோடு எழுதினால், அதை நாலு வருஷம் கழிச்சும் ஒருத்தர் தேடி வருவார். நம்ம தம்பியையே எடுத்துக்கங்க. ரிக் வண்டி வெளிமாநிலம் போனால் என்ன செலவு, டீசல் கணக்கை எப்படி எழுதணும், இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஏன் தள்ளுபடி ஆகுது என்பதெல்லாம் அவருக்கு தினசரி வேலை. கோர்ஸ் எடுத்தவருக்கு அதில் ஒரு வரி தெரியாது. (ஆபீஸ் ரகசியம், வாடிக்கையாளர் பேர், ஒப்பந்தத் தொகை மட்டும் எழுதக் கூடாது.)

பணம் பற்றி எழுதணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "இந்தப் பங்கை வாங்குங்க" என்று சொல்ல செபியில் பதிவு வேணும். 2025 ஜனவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, பங்குச்சந்தைக் கல்வி என்று சொல்லிப் பேசுபவர்கள் கடைசி மூணு மாச விலைத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. அதனால பட்ஜெட், கடன், இன்சூரன்ஸ் அனுபவம் என்று எழுதுங்க. பங்கு டிப்ஸ் பக்கம் போகாதீங்க.

திரட்டியை இன்னிக்கு எப்படிப் பயன்படுத்தலாம்?

திரட்டியே வேண்டாம்னு சொல்லலை. அதுக்குரிய இடத்தில் வைங்க. இந்த வரிசையில் பண்ணுங்க:

முதல்ல, கூகுள் சர்ச் கன்சோலில் உங்க பிளாக்கைப் பதிவு செய்யுங்க. இலவசம். எந்தச் சொல்லைத் தேடி உங்ககிட்ட வந்தாங்க என்று அது காட்டும். அந்தச் சொற்களே உங்க அடுத்த பத்து கட்டுரைக்குத் தலைப்பு.

ரெண்டாவது, ஏதாவது டைரக்டரியில் சேர்க்கும் முன் மூணு விஷயம் பாருங்க. அதன் முகப்பில் கடைசியாக வந்த பதிவு எந்தத் தேதி? கட்டணம் கேட்குதா? "எங்க லிங்க்கை நீங்க போட்டா உங்க லிங்க்கை நாங்க போடறோம்" என்று பேரம் பேசுதா? உயிரோடு இருக்கு, இலவசம், பேரம் இல்லை என்றால் சேருங்க. பத்து நிமிஷ வேலை. காசு கொடுத்து லிங்க் வாங்கறது, கணக்கில்லாமல் லிங்க் மாத்திக்கறது ரெண்டுமே கூகுள் விதிக்கு எதிரானது. தேடலில் பின்னுக்குத் தள்ளிடுவாங்க.

மூணாவது, திரட்டி மூலம் வரும் சக பதிவர்களை வருமானமாகப் பார்க்காதீங்க, வழிகாட்டியாகப் பாருங்க. உங்க எழுத்தில் உள்ள தப்பைச் சொல்றவங்க அவங்கதான்.

நாலாவது, சொந்த முகவரி. சொந்த டொமைன் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். மறுவருஷப் புதுப்பிப்பு விலை எவ்வளவு என்று வாங்கும் முன்னாடியே பாருங்க. படிக்கறவங்க விரும்பினால் மெயில் முகவரியைக் கொடுக்கும்படி ஒரு பெட்டி வைங்க. நாளைக்கு எந்தத் திரட்டி மூடினாலும், எந்த நெட்வொர்க் கைவிட்டாலும் அந்த 200 மெயில் முகவரி உங்ககிட்ட இருக்கும்.

நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க

என் முதல் பிளாக்கில் ஒரு விளம்பர நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தேன். காசு மெதுவா ஏறிச்சு. பொறுமை இல்லை. ஆபீஸில் மதியம் சாப்பிடும்போது நாலு நண்பர்கள்கிட்ட, "டேய், ஆளுக்கு ரெண்டு கிளிக் பண்ணுங்கடா" என்று சொன்னேன். பாசக்காரப் பசங்க, ஆளுக்குப் பத்து பண்ணினாங்க. அடுத்த வாரம் கணக்கை மூடிட்டாங்க. சேர்ந்திருந்த தொகையும் போச்சு. யாரைக் குத்தம் சொல்றது? விதியில் தெளிவா எழுதியிருந்தது, நான்தான் படிக்கலை.

அதுக்கு அப்புறம் "அப்ரூவல் கியாரண்டி" என்று சொன்ன ஒருத்தருக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன். ரெண்டு நாளில் போன் எடுக்கலை. இலவசமாகக் கிடைக்கறதுக்கு நான் காசு கொடுத்திருந்தேன்.

அதனால இதை மனசில் வைங்க. விளம்பர நெட்வொர்க் உங்களுக்குத்தான் காசு தரணும். சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், "பிரீமியம் மெம்பர்ஷிப்" என்று உங்ககிட்ட கேட்டால் விலகிடுங்க. டெலிகிராமில் "வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்" என்று ஆரம்பிச்சு, முதல்ல 150 ரூபாய் அனுப்பி, அப்புறம் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்றதும் இதே ரகம்தான். ஏமாந்துட்டால் தாமதிக்காம 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்க.

வரியும் வேலையும்

கடைசியா, சம்பளக்காரங்க மறக்கற பகுதி.

உங்க பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படிங்க. வேற வருமானம் கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் ஹெச்.ஆர்.கிட்ட எழுத்தில் அனுமதி வாங்குங்க. அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் தனியாக உண்டு, அனுமதி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

தொடர்ந்து நடத்துகிற பிளாக்கில் வரும் விளம்பரப் பணம் பொதுவாகத் தொழில் வருமானம். அப்படிக் காட்டினால், நீங்க வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-1 பொருந்தாது. ஐ.டி.ஆர்.-3 அல்லது 4 வரும். 24,000 சம்பளத்தில் இருக்கும் தம்பிக்கு வரியே வராது. ஆனா வீட்டுக் கடன் வைத்துக்கொண்டு பழைய வரி முறையில் இருக்கறவங்க கவனிங்க. வெறும் சம்பளம் என்றால் வருஷா வருஷம் பழைய முறை, புதிய முறை மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டால் அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறைக்குப் போய் ஒரு முறை புதியதுக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும் வரை மறுபடி பழையதுக்கு வர முடியாது. மாசம் 450 ரூபாய்க்காக வீட்டுக் கடன் சலுகையைச் சிக்கலாக்கிக்க வேண்டாம். முதல் பணம் வரும் முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாருங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அந்தந்த வருஷ விதி என்ன என்றும் அவர்கிட்டயே கேட்டுக்கங்க.

வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததுக்கான வங்கிச் சான்று, டொமைன் ரசீது, இன்டர்நெட் பில் எல்லாத்தையும் ஒரு ஃபைலில் போட்டு வைங்க. ஒரு கம்பெனி பொருளோ பணமோ கொடுத்து எழுதச் சொன்னால், "இது விளம்பரம்" என்று பதிவிலேயே சொல்லிடுங்க. சொல்லாமல் மறைத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் போக வழி இருக்கு.

தம்பிக்கு என் திட்டம்

லேப்டாப் வேண்டாம். கையில் இருக்கும் போனில் எழுதுங்க. பிளாக்கர் தளம் இலவசம். தமிழ் விசைப்பலகையும் இலவசம்.

முதல் மூணு மாசம் வாரம் ஒரு கட்டுரை. ரிக் ஆபீஸில் நீங்க தினமும் பதில் சொல்லும் 12 கேள்விகளை எடுத்துக்கங்க. செலவு பூஜ்யம்.

நாலாவது மாசம் சர்ச் கன்சோலைப் பாருங்க. ஆள் வருதுன்னா டொமைன் வாங்குங்க. ஆட்சென்ஸுக்கு விண்ணப்பியுங்க.

அந்த 3,740 ரூபாயை இன்னிக்கே ஆர்.டி.யில் போட ஆரம்பிங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு பிளாக் ஓடியிருந்தால், ஆர்.டி.யில் கொஞ்சம் எடுத்து ரொக்கத்துக்கே லேப்டாப் வாங்கலாம். ஓடாவிட்டால் பணம் முழுசாக உங்ககிட்ட இருக்கும். ரெண்டு பக்கமும் நஷ்டம் இல்லை.

15,000 கோர்ஸ்? அதில் சொல்றதில் முக்கால்வாசியை இப்போ இலவசமாகப் படிச்சுட்டீங்க. மிச்சத்தை எழுத எழுதக் கத்துக்கலாம்.

ஆட்சென்ஸ் விண்ணப்பத்தை ஸ்டெப் பை ஸ்டெப்பாக நம்ம சேனலில் வீடியோவாகப் போடறோம், பாருங்க. இந்தக் கட்டுரையை, கோர்ஸுக்குப் பணம் கட்டப் போகும் ஒரு நண்பருக்காவது அனுப்பிடுங்க. அவர் பணம் மிச்சமானால் நமக்கு அதுவே போதும்.

 

குறிப்பு: இது பொதுவான தகவலுக்காக எழுதப்பட்டது. உங்க வரி நிலைமைக்கு உங்க ஆடிட்டரின் ஆலோசனையே இறுதியானது.